மீனாளுக்கு: மாசி 35 டிராக்டரை இழுவைப் போட்டிக்குத் தயார் செய்ய

காரைக்குடி

அன்பு மகள் மீனாளுக்கு, அப்பச்சி எழுதுவது. ஆத்தாவும் நானும் சுகம். நீ அனுப்பிய டிராக்டர் படங்களையும் இழுவைப் போட்டியின் விதித்தாளையும் பார்த்தேன். மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் டீசல் என்ஜின் வைத்த மாசி பெர்குசன் 35, நல்ல வண்டி. நம்ம பக்கம் ஓடும் மாசி 1035-இல் இருக்கும் சிம்சன் என்ஜினும் அதே வம்சம்தான், அதனால் தைரியமாகவே சொல்கிறேன்.

மாட்டு வண்டிப் பந்தயத்தில் பெரிய மாடு, நடு மாடு, சின்ன மாடு என்று பிரிக்கிற மாதிரி, அங்கே இழுவைப் போட்டியில் டிராக்டரையும் ஓட்டுகிறவரையும் சேர்த்து எடை போட்டுப் பிரிக்கிறார்கள். இழுக்கிற சறுக்கு வண்டியில் பாரப்பெட்டி முன்னால் நகர்ந்துகொண்டே வரும். போகப் போகச் சுமை கூடும். 300 அடி போனால் முழு இழுப்பு. இதில் குதிரைத்திறனைவிட டயரின் பிடிதான் பேசும். பம்ப் சீலை உடைத்து டீசலைக் கூட்டச் சொல்லி யாராவது வருவார்கள், கேட்காதே. கரும்புகைதான் கூடும், சூடேறி ஹெட் கேஸ்கட் போகும்.

என்ஜினுக்கு வேலை குறைவு. டேப்பெட் (வால்வு) இடைவெளி, என்ஜின் குளிர்ந்திருக்கும்போது 12 தௌ, அதாவது ஓர் அங்குலத்தை ஆயிரமாக்கினால் அதில் 12 பங்கு. நாள்பட்டு நின்ற வண்டி என்பதால் டேங்க்கை முழுக்க வடித்துவிட்டு, ஃபில்டரைப் புதிதாகப் போடு. பிறகு ஏர் எடுக்கணும், அதாவது டீசல் பாதையில் புகுந்த காற்றை வெளியேற்றணும். ஃபில்டர் மேல் திருகைத் தளர்த்தி, டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப்பின் கைப்பிடியை அடி. முதலில் நுரை வரும், பிறகு வெடித்து வெடித்துக் குமிழி, கடைசியில் குமிழியே இல்லாத டீசல். அது ஓடிக்கொண்டிருக்கும்போதே திருகை இறுக்கு. அடுத்து இன்ஜெக்ஷன் பம்ப்பின் திருகுகள். கடைசியாக நாசில் பக்கத்து பைப் நட்டுகளை அரைச்சுற்றுத் தளர்த்தி, செல்ஃப் அடித்து, பீய்ச்சியதும் இறுக்கு. கைப்பிடி தொளதொளவென்று சும்மா ஆடினால் பம்ப் போச்சு என்று கழற்றிவிடாதே. அதைத் தள்ளும் கேம் உச்சியில் நிற்கும். என்ஜினை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு மறுபடி அடி. என்ஜினை நிறுத்தும் ஸ்டாப் கேபிள் துருவேறிப் பிடித்திருக்கும், அதையும் இழுத்துப் பார்.

இனி கொக்கி. விதித்தாளில் கொக்கி தரையிலிருந்து 20 அங்குல உயரம் வரை இருக்கலாம், ஆடக்கூடாது என்று இருக்கிறது. உன் வண்டியில் கலப்பையைத் தூக்கும் கீழ் லிங்குகளுக்கு (கைகளுக்கு) நடுவே மாட்டியிருக்கும் துளைப்பட்டை உதவாது. பாரம் ஏறினால் மேலே எழும்பும். அடியில் போல்ட் போட்டு நிறுத்தும் டிராபார் (இழுவைச் சட்டம்) செய்துகொள். 28 அங்குல ரிம்முக்கான டயரில் பின் அச்சின் நடு தரையிலிருந்து 23 அங்குலம் போல வரும். கொக்கி அதற்கு மேலே போனால் வண்டி மூக்கைத் தூக்கிப் பின்னால் கவிழ்ந்துவிடும், கிளட்ச் மிதிக்கக்கூட நேரம் இருக்காது. மேலே இருக்கும் டாப் லிங்க் இடத்தில் யார் சொன்னாலும் சங்கிலி மாட்டாதே.

உயரத்தை டயர் காற்றை இறக்கிய பிறகுதான் அள. முதலில் அளந்துவிட்டுக் காற்றை இறக்கினால் கொக்கியும் இறங்கிவிடும், கிடைத்த உயரம் வீண். பின் டயர்களை 10 பவுண்டு காற்றில் வை. ரிம்மிலிருந்து டயர்வரை குறுக்கே சாக்பீஸ் கோடு ஒன்று போடு. ஓர் இழுப்புக்குப் பிறகு கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் டயர் ரிம்மில் சுற்றுகிறது. டியூப் வால்வு பிய்ந்துவிடும். இரண்டு பவுண்டு ஏற்று.

வெயிட் எங்கே வைப்பது? கண்மாய்ச் சேற்றுக்கு நாம் செய்வதுபோல் டயரில் தண்ணீர் அடைக்காதே. அங்கே பனியில் உறையும். உறையாமலிருக்க கால்சியம் குளோரைடு கலந்தால் ரிம்மைத் துரு தின்னும். இரும்பு வெயிட் என்றால் முன்னே பின்னே மாற்றிக்கொள்ளலாம். இழுக்கும்போது முன்சக்கரம் இரண்டு மூன்று அங்குலம் எழும்பி நின்றால் சரி. தரையிலேயே அழுந்தி ஓடினால் முன்னால் வைத்த வெயிட்டில் கொஞ்சம் வீண், பின்னுக்கு மாற்று. ஓர் அடி எழும்பினால் முன்னுக்குக் கூட்டு.

முன்சக்கரம் தரையில் இல்லையென்றால் ஸ்டியரிங் கேட்காது, பிரேக்கால்தான் திருப்பணும். இரண்டு பிரேக் பெடலையும் சேர்த்திருக்கும் கொண்டியை எடுத்துவிட்டு, இடதும் வலதும் ஒரே அளவு பிடிக்கிறதா என்று பார்.

லோ கியரில் இரண்டாவது போதும். அக்சலேட்டரைக் குறைத்து வைத்து, சங்கிலியின் தொய்வை மெல்ல எடுத்து, இறுகிய பிறகு முழுசாகத் திற. சுண்டி இழுத்தால் கொக்கி ஆணி முறியும். நடுவில் கியர் மாற்றாதே. சக்கரம் சுற்றி வண்டி நகராவிட்டால் உடனே கிளட்ச்சை மிதி. குழி தோண்டினால் ஒரு அடிகூட அதிகம் கிடைக்காது.

டிராபார் செய்ததும் டேப் வைத்து அளந்து ஒரு படம் அனுப்பு. மாப்பிள்ளையையும் கேட்டதாகச் சொல்.

அப்பச்சி