ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்ன எண்

அன்புள்ள தம்பி,

வாட்ஸ்அப்பில் எழுதினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய் என்றுதான் மெயிலில் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொண்டு படி.

போன வாரம் உன் ரூமில் இருக்கிற திருநெல்வேலிப் பையன் வாய் தவறிச் சொல்லிவிட்டான். நவம்பரில் நாலு நாள் நீ ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாயாமே. அந்த நாலு நாளும் எனக்கு வந்த மெசேஜ், "கான்ஃபரன்ஸ், நெட் சரியில்லைம்மா." அவனைத் திட்டாதே, அவன் சொன்னதே பெரிய உபகாரம். ரெண்டு நாள் உன் மேல் அப்படி ஒரு கோபம். அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை.

நேற்று சாயங்காலம் காய் வாங்கிக்கொண்டு சாரங்கபாணி கோயில் பக்கமாக வந்தேன். சன்னதித் தெருவில் ராமானுஜன் வீடு திறந்திருந்தது. பையோடு உள்ளே போய்விட்டேன். எத்தனையோ டிசம்பரில் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, "கையை வைக்காதே, சத்தம் போடாதே" என்று கத்திக்கொண்டே போன வீடுதான், தனியாகப் போனது இதுதான் முதல் தடவை. அந்தச் சின்ன அறை, தெருவைப் பார்த்த ஜன்னல், கட்டில். யாரும் இல்லை. ரொம்ப நேரம் நின்றேன்.

முப்பத்தோரு வருஷம் கணக்கு வாத்தியாராக இருந்தவளுக்கு அந்த மனுஷன் கதை தலைகீழாகத் தெரியும். 1729 கதையை வருஷா வருஷம் சொல்லியிருக்கிறேன். கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டி டாக்ஸியில் வந்தார், வண்டி எண் 1729, சுவாரஸ்யமே இல்லாத எண் என்றார், ராமானுஜன் உடனே "இல்லை, இரண்டு கன எண்களின் கூட்டாக இரண்டு விதமாக எழுத முடிகிற எண்களிலேயே சின்னது இதுதான்" என்றார். கரும்பலகையில் 1, 12 இரண்டின் கனமும், 9, 10 இரண்டின் கனமும் எழுதிக் கூட்டிக் காட்டுவேன், பிள்ளைகள் கை தட்டும், மணி அடிக்கும். அவ்வளவுதான். ஹார்டி எதற்காக டாக்ஸி பிடித்துக்கொண்டு வந்தார் என்று ஒரு பிள்ளையும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை. லண்டன் பக்கம் புட்னியில் நோயாளியாகப் படுத்திருந்தவரைப் பார்க்க வந்தார், தம்பி. அந்த எண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் சொன்ன எண். நேற்று அந்த ஜன்னலோரம் நின்றபோதுதான் இது எனக்கே உறைத்தது.

எஃப்.ஏ. என்ற அந்தக் காலத்துக் கல்லூரிப் பரீட்சையில் கணக்கைத் தவிர மற்றதில் எல்லாம் தோற்றது, துறைமுகத்தில் முப்பது ரூபாய்ச் சம்பளத்துக் கிளார்க் வேலை, 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் போட்டது, இதெல்லாம் உனக்குத் தெரியும். விடு. அதற்கப்புறம் நடந்ததைத்தான் உனக்குச் சொல்ல வேண்டும்.

1914 மார்ச் 17, மெட்ராஸிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பல், ஹார்டி இருந்த கேம்பிரிட்ஜுக்கு. வயது இருபத்தாறு. குடுமியை எடுத்துவிட்டு, கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு போனார். 250 பவுண்டு ஸ்காலர்ஷிப்பில் 50 பவுண்டு வீட்டுக்கு என்று முதலிலேயே ஏற்பாடு. (நீயும் முதல் மாதமே பணம் அனுப்பினாய். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை.) போன நாலாவது மாதம் உலகப் போர் வந்துவிட்டது. சைவச் சாப்பாடு, அதுவும் தன் கையால் சமைத்தால்தான். காய்கறிக்கே பஞ்சம். ராத்திரி முழுக்கக் கணக்குப் போடுவார், நினைத்த நேரத்துக்குச் சமைப்பார், சமைக்காமலும் இருப்பார்.

மஹலனோபிஸ் ஒருநாள் அவர் அறைக்குப் போயிருக்கிறார். பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தைத் தொடங்கினவர், அப்போது அங்கே படித்துக்கொண்டிருந்த பையன். ராத்திரியில் குளிர் தாங்க முடியவில்லை, ஓவர்கோட்டைப் போட்டுச் சால்வையைச் சுற்றிக்கொண்டு படுக்கிறேன் என்று ராமானுஜன் சொல்லியிருக்கிறார். கட்டிலைப் பார்த்தால் கம்பளிகள் இருக்கின்றன, மெத்தைக்கு அடியில் இறுக்கிச் செருகி, மேலே விரிப்பு போட்டு மூடினபடியே. அதை உருவிவிட்டு உள்ளே புகுந்து படுக்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. முடிவிலித் தொடரோடு விளையாடின மனுஷன் தம்பி, கம்பளிக்கு மேலே படுத்து நடுங்கியிருக்கிறார். இதைப் படித்த அன்றைக்கு எனக்கு நீ ஹாஸ்டல் போன முதல் வாரம் ஞாபகம் வந்தது, கீசரை எப்படிப் போடுவது என்று தெரியாமல் ஏழு நாள் பச்சைத்தண்ணியில் குளித்தாயே, ஜனவரியில்.

இன்னொரு தடவை நண்பர் ஒருவரையும் அவர் கட்டிக்கொள்ளப் போகிற பெண்ணையும் அழைத்து, தானே ரசம் வைத்துப் பரிமாறியிருக்கிறார். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டவர்கள் மூன்றாவது தடவை போதும் என்றதும் ஆளைக் காணோம். சாப்பாடு பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக் கையில் இருந்த காசோடு ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போய்விட்டார், சில நாள் கழித்து ஐந்து பவுண்டு அனுப்பச் சொல்லித் தந்தி வந்தது. இதை வேடிக்கையாகத்தான் சொல்வார்கள், எனக்குச் சிரிப்பு வருவதில்லை. ரசம் வேண்டாம் என்றதற்கே ஊரை விட்டு ஓடுகிற அளவுக்கு ஒருவன் உள்ளுக்குள் எப்படி இருந்திருப்பான்?

1917இல் படுத்தார். காசநோய் என்றார்கள், வேறு என்னென்னவோவும் சொன்னார்கள், ஒரு சானடோரியத்திலிருந்து (காசநோய்க்காரர்களை வைத்துப் பார்க்கிற ஆஸ்பத்திரி) இன்னொன்று என்று மாறிக்கொண்டே இருந்தார். 1918 தொடக்கத்தில் லண்டனில் ரயில் தண்டவாளத்தில் போய் விழுந்தார். ஆள் பார்த்துவிட்டதால் வண்டி சில அடி தள்ளி நின்றது, பிழைத்தார். அதே வருஷம் மே மாதம்தான் ராயல் சொசைட்டியின் ஃபெல்லோ ஆனது. பாடப் புத்தகத்தில் மே மாதம் மட்டும் இருக்கிறது.

ராமலிங்கம் என்று நம் பக்கத்து எஞ்சினியர் ஒருவர் அப்போது இங்கிலாந்தில் இருந்தார். டெர்பிஷயரில் மேட்லாக் சானடோரியத்துக்குப் போய் ராமானுஜனோடு சில நாள் இருந்து, என்ன சாப்பிடுகிறார், சமையற்காரர் என்ன செய்து வைக்கிறார் என்றெல்லாம் பார்த்து ஹார்டிக்கு நீளமாகக் கடிதம் எழுதியிருக்கிறார். கணிதத்தில் அந்தப் பெயரை யாரும் சொல்லமாட்டார்கள். எனக்கு அவரை ரொம்பப் பிடிக்கும். உன் திருநெல்வேலிப் பையனிடம் என் நம்பர் இருக்கட்டும்.

1994இல் யங் என்ற ஆய்வாளர் அந்தப் பழைய குறிப்புகளை எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது காசநோயே இல்லை, கல்லீரலில் அமீபா தொற்று என்று கணித்தார். இங்கே இருந்தபோது ரெண்டு தடவை வந்த சீதபேதியின் மிச்சம் உள்ளேயே தங்கியிருக்கலாம் என்கிறார். அந்தக் காலத்திலேயே அதற்கு மருந்து இருந்தது. வயிற்றுக்கடுப்பு வந்ததை டாக்டரிடம் சொல்வதில் என்ன இருக்கிறது? ஆனால் சொல்லமாட்டார்கள். நீயும் சொல்லமாட்டாய்.

சரி, இனி என் பங்கு.

ராமானுஜன் போன புதிதில் வீட்டுக்கு மாதம் மூன்று நாலு கடிதம் போட்டிருக்கிறார். அப்புறம் குறைந்தது, அப்புறம் நின்றே போனது. மனைவி ஜானகி கடிதம் எழுதினால் மாமியார் கோமளத்தம்மாள் போகவிடமாட்டார், அங்கிருந்து வருவதையும் அந்தப் பெண்ணிடம் காட்டமாட்டார். ஊரிலிருந்து போகிற பார்சலுக்குள் ஜானகி ஒருதரம் கடிதத்தை ஒளித்து வைக்க, அதையும் எடுத்துவிட்டார்களாம். சின்னப் பெண், அவர் கப்பல் ஏறினபோது பதினைந்துகூட ஆகவில்லை. 1919 மார்ச்சில் பம்பாயில் இறங்கினவர் அம்மாவையும் தம்பியையும் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, அவள் எங்கே? நீ கூட வந்திருந்தால் எனக்கு உடம்புக்கு வந்திருக்காது என்று பின்னால் ஜானகியிடம் சொல்லியிருக்கிறார்.

அந்தக் கோமளத்தம்மாள் மேல் எனக்குப் பல வருஷமாகக் கோபம். நேற்று அதே வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து யோசித்தபோது முழுசாகக் கோபப்பட முடியவில்லை. ராமானுஜனுக்கு அடுத்துப் பிறந்த மூன்று பிள்ளைகளும் ஒரு வயது தாண்டவில்லை. இவரும் ரெண்டு வயதில் அம்மை போட்டுத் தப்பினவர். அப்படிக் கிடைத்த பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொண்டதில், நடுவில் யார் கை நசுங்குகிறது என்று பார்க்கவில்லை போலிருக்கிறது.

நான் மட்டும் என்ன? உன் அப்பாயி போனதை உனக்கு அஞ்சு நாள் கழித்துத்தானே சொன்னேன். அந்த வாரம் உனக்கு ரிவ்யூ, பையன் கலங்கிவிடுவான் என்று நானே முடிவு பண்ணி, அப்பா, சித்தப்பா, அத்தை எல்லார் வாயையும் அடைத்தேன். நடுவில் நீ போன் பண்ணினபோது பின்னால் அழுகைச் சத்தம் கேட்கக்கூடாது என்று மொட்டைமாடிக்கு ஓடிப் போய்ப் பேசினேன். "அப்பாயி தூங்குறாங்க" என்றேன். விஷயம் சொன்னபோது நீ கத்தியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். "சரிம்மா" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். தினம் வந்த போன் வாரத்துக்கு ஒன்றானது அதற்கப்புறம்தான். வேலை அதிகம் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். நவம்பரில் நீ எனக்குச் சொன்ன பொய் என்னிடம் கற்றுக்கொண்டதுதான். தப்பு என்னுடையது, தம்பி. உன்னைத் தோளில் போட்டு வளர்த்த மனுஷிக்கு அழக்கூட உன்னை விடவில்லை.

ராமானுஜன் திரும்பி வந்து ஒரு வருஷம் சொச்சம்தான் இருந்தார். கொடுமுடி, கும்பகோணம், கடைசியில் மெட்ராஸ் சேத்துப்பட்டு. வலிக்கு ஜானகி வெந்நீர் ஒத்தடம் கொடுக்கக் கொடுக்க, இவர் கணக்குப் போட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் போன கடைசிக் கடிதத்தில்தான் மாக் தீட்டா சார்புகள் என்று அவர் கண்டுபிடித்த புதுக் கணக்கு. ஏப்ரல் 26 காலையில் போய்விட்டார், வயது முப்பத்திரண்டு. கடல் தாண்டினவர் என்று உறவுக்காரர்கள் பலபேர் சாவுக்கே வரவில்லை. அந்தக் கடைசி வருஷத்துத் தாள்கள் கேம்பிரிட்ஜில் ஒரு பெட்டிக்குள் கிடந்து 1976இல்தான் ஆண்ட்ரூஸ் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் கண்ணில் பட்டன. ஜானகியம்மாள் அதற்கப்புறமும் பதினெட்டு வருஷம் இருந்தார், திருவல்லிக்கேணியில், துணி தைத்துப் பிழைத்து, ஒரு பையனை எடுத்து வளர்த்து. கணவருக்குச் சிலை வைக்கிறோம் என்றார்களே, எங்கே என்று வயதான காலத்தில் கேட்டவர். வெளிநாட்டுக் கணித அறிஞர்கள் பணம் சேர்த்து ஒரு மார்பளவுச் சிலை செய்து கொடுத்தார்கள்.

இனி நான் எதையும் மறைப்பதாக இல்லை, இப்போதே ஆரம்பிக்கிறேன். அப்பாவுக்குச் சர்க்கரை ஏறியிருக்கிறது, மாத்திரை மாற்றியிருக்கிறார்கள். எனக்கு வலது முழங்கால் போய்விட்டது, மாடிப்படி ஏறுவதில்லை. கொல்லையில் முருங்கை மழைக்குச் சாய்ந்துவிட்டது. பதிலுக்கு நீ நவம்பரில் என்ன ஆச்சு, டாக்டர் என்ன சொன்னார், என்ன மாத்திரை, எல்லாம் எழுது. ரிப்போர்ட் இருந்தால் அனுப்பு, எனக்குப் புரியாவிட்டாலும் பரவாயில்லை.

பார்சலில் பருப்புப்பொடி, ரசப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் வருகிறது. அந்தப் பையனுக்கும் சேர்த்துத்தான். அடியில் அப்பாயியின் சுங்குடிப் புடவை ஒன்று மடித்து வைத்திருக்கிறேன், துவைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் காலை பத்து மணிக்குக் கூப்பிடுவேன். வீடியோவில் முகத்தைக் காட்டு, சீலிங் ஃபேனைக் காட்டாதே.

அம்மா