புதுக் கால்வாய் சரி, பழைய குளங்களுக்கு மடை பார்க்க ஆள் எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தாமிரபரணி - கருமேனியாறு - நம்பியாறு இணைப்புக் கால்வாய் 2025 பிப்ரவரியில் திறக்கப்பட்டபோது, நாங்குநேரிப் பக்கத்துக் குளத்துப் பாசன விவசாயியான எனக்கு அவ்வளவு சந்தோஷம். 2009-இல் தொடங்கிய வேலை. வெள்ளக் காலத்தில் கடலுக்குப் போகிற உபரி நீர், கன்னடியன் கால்வாய் வழியாக தூத்துக்குடி மாவட்டத்து எம்.எல். தேரி வரை வருகிறது. வறண்ட இந்தச் சீமைக்கு இது பெரிய விஷயம்.

ஆனால் வருகிற தண்ணீரைப் பிடித்து வைக்க வேண்டியது எங்கள் பழைய குளங்கள்தான். அவற்றின் நிலைமையைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். மணிமுத்தாறு பிரதானக் கால்வாயின் கடைசிப் பிரிவில் (ரீச்) இருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள். அணையில் தண்ணீர் இருக்கும், திறந்தும் விடுவார்கள். நீர் கொண்டுவரும் வரத்துக்காலில் சீமைக்கருவேலமும் அமலைச்செடியும் அடைத்துக் கிடப்பதால் குளத்துக்கு ஒழுங்காக வந்து சேராது.

எங்கள் குளத்து மடை ஷட்டர் துருப்பிடித்துப் பல வருஷம் ஆகிறது. மனு மேல் மனு கொடுத்தோம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பேய்மழை. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது நினைவிருக்கும். எங்கள் ஊரில் குளம் நிரம்பி, உபரி நீர் வெளியேறும் மறுகால் புரண்டு ஓட, நாலு பேர் கடப்பாரை போட்டு நெம்பியும் ஷட்டர் அசையவில்லை. விடியுமுன் கரை உடைந்தது. பிசானப் பருவத்துக்கு நட்ட நெல் மண்ணுக்குள் போனது. மாசி மாதம் மாடு குடிக்கக்கூடக் குளத்தில் தண்ணீர் இல்லை. வெள்ளம் வந்த அதே வருஷம்!

முன்பெல்லாம் மடை பார்க்க நீர்ப்பாய்ச்சி இருந்தார். அறுப்பு முடிந்ததும் களத்திலேயே அவருக்கு நெல் அளந்துவிடுவோம். எந்த மடையை எவ்வளவு திறக்கலாம், கரையில் எங்கே ஊற்றுக் கசியும், எந்த வயலுக்கு இன்றைக்கு முறை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். ராத்திரி மழை வலுத்தால் அரிக்கேன் விளக்கோடு கரையில் நிற்பார். அந்த வழக்கம் பல ஊர்களில் நின்றுபோய்விட்டது.

புரட்டாசி முதல் தை வரையாவது குளத்துக்கு ஒருவரை அரசே சம்பளம் கொடுத்து அமர்த்தட்டும். மழைக்கு முன்பே வரத்துக்காலைச் சுத்தம் செய்து, ஷட்டரை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்க்கட்டும். நீர்மட்டம் பார்க்க மடையருகே அடி குறித்த ஒரு கல். கால்வாய்க்கு ஆன செலவோடு பார்த்தால் இதெல்லாம் சிறு தொகை.

எங்கள் ஊரில் பழைய நீர்ப்பாய்ச்சி ஒருவர் எழுபது வயதைத் தாண்டியும் நடமாட்டத்தோடு இருக்கிறார். இந்த ஐப்பசிக்காவது இரண்டு பையன்களை அவரோடு கரைக்கு அனுப்ப ஏற்பாடு செய்யுங்கள்.

இப்படிக்கு,
குளத்துப் பாசன விவசாயி ஒருவர்,
நாங்குநேரி வட்டாரம்.