டிஜிட்டல் அடையாள அட்டைக்குக் கைரேகை எடுக்க முன்னர் சாவி யாரிடம் என்று சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

2023 யூன் மாதம் அப்பாவின் ஓய்வூதியம் சம்பந்தமாக ஒரு அரச அலுவலகத்துக்குச் சில பத்திரங்களை ஸ்கேன் செய்து மின்னஞ்சலில் அனுப்பியிருந்தேன். நவம்பரில் நேரில் போய்க் கேட்டபோது, "அந்த நாட்களில வந்த மெயில் ஒன்றும் இப்ப இல்லை, திரும்ப அனுப்புங்கோ" என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். அவரில் பிழை சொல்ல முடியாது. ஓகஸ்ட் 26ஆம் திகதி இலங்கை அரசாங்கத்தின் கிளவுட்டில், அதாவது அரச அலுவலகங்களுக்குப் பொதுவான சேர்வர்களில், தரவைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வெயார் புகுந்ததில், மே 17 தொடக்கம் அன்றுவரை அரச முகவரிகளுக்கு வந்ததும் போனதும் அழிந்துபோனது, சுமார் 5,000 முகவரிகள், அமைச்சரவை அலுவலகமும் அதற்குள் அடக்கம்.

இது எப்படி நடந்தது என்பதை நாங்கள் மறந்துவிடக்கூடாது. அந்த மின்னஞ்சல் சேவையில் ஓடிக்கொண்டிருந்த மென்பொருள் மைக்ரோசொஃப்ட் எக்ஸ்சேஞ்ச் 2013 பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்களை அந்தக் கம்பனி 2023 ஏப்ரல் 11ஆம் திகதியோடு நிறுத்திவிட்டது. புதிய பதிப்புக்கு மாற 2021இலேயே திட்டம் இருந்தும் நிதி இல்லாமல் தள்ளிப்போனது, அடுத்த வருடம் நாட்டில் மருந்துக்கும் எரிபொருளுக்குமே டொலர் இல்லை. பூட்டை வெளிநாட்டில் வாங்கி, அதைப் பழுதுபார்க்கவும் வெளிநாட்டுக்கே காசு கட்ட வேண்டியிருந்தால், காசு முடிகிற அன்றைக்குக் கதவு திறந்துதான் கிடக்கும். அதற்கு மேல், அந்த மூன்று மாதத்துக்கும் கூடிய காலத்துக்கு வேறிடத்தில் ஒரு பிரதிகூட இருக்கவில்லை.

இப்போது டிஜிட்டல் அடையாள அட்டை வருகிறது. எங்கள் எல்லோருடைய முகம், பத்து விரல், கருவிழி எல்லாம் ஒரே இடத்தில் சேரப்போகிறது. நான் பத்திரங்களைத் திரும்ப அனுப்பினேன், ஒரு நாள் வீணானது, அவ்வளவுதான். கைரேகை களவு போனால் எதைத் திரும்ப அனுப்புவது?

இந்தத் திட்டத்துக்கு இந்தியா நன்கொடை தருகிறது, 2023 ஓகஸ்டில் முற்பணமாக 45 கோடி இந்திய ரூபாய் கொடுத்தார்கள். அடிப்படை மென்பொருள் பெங்களூரில் உருவான மொசிப், அது திறந்த மூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், பிலிப்பைன்சும் அதைத்தான் பாவிக்கிறது. நல்ல தெரிவு என்றே நினைக்கிறேன், குறைந்தபட்சம் எக்ஸ்சேஞ்சுக்கு நடந்தது போல ஒரு கம்பனி கைவிட்டதும் அநாதையாகிவிடாது. ஆனால் நிரல் எல்லோருக்கும் தெரிகிறது என்பதால் மட்டும் அதை நிறுவுகிறவர் யார், இயக்குகிறவர் யார், தரவைப் பூட்டித் திறக்கும் மறைகுறியாக்கச் சாவி யார் கையில் என்பது தெரிந்துவிடாதே.

இந்தியா என்பதற்காக இதைச் சொல்லவில்லை, எந்த நாடாக இருந்தாலும் இதே கேள்விதான். நடுநிலை நாடு என்று நம்பி சுவிட்சர்லாந்தின் கிரிப்டோ ஏஜி கம்பனியிடம் நூற்றுக்கும் அதிகமான நாடுகள் இரகசியச் செய்தி அனுப்பும் இயந்திரங்களை வாங்கின. அந்தக் கம்பனியையே 1970இல் அமெரிக்காவின் சிஐஏயும் மேற்கு ஜெர்மனியின் உளவுத்துறையும் மறைவாக வாங்கிவைத்திருந்தன என்பது 2020இல்தான் வெளியில் வந்தது. அத்தனை வருடமும் அந்த நாடுகள் தங்கள் இரகசியங்களை வாசிக்கக் கொடுத்துக்கொண்டே அதற்குக் காசும் கட்டியிருக்கின்றன.

எஸ்தோனியா எங்களைவிடச் சின்ன நாடு. 2007இல் பெரிய சைபர் தாக்குதலில் அடிபட்டவர்கள். அவர்கள் தங்கள் முக்கிய பதிவேடுகளின் பிரதியை லக்சம்பேர்க்கில் வைத்திருக்கிறார்கள், ஆனால் 2017இல் செய்த ஒப்பந்தப்படி அந்த சேர்வர்களுக்கு ஒரு தூதரகத்துக்குரிய விலக்குரிமை உண்டு, லக்சம்பேர்க் அதிகாரிகள் அனுமதியில்லாமல் உள்ளே போக முடியாது. வெளிநாட்டுடன் பேசி இப்படியும் எழுதி வாங்கலாம்.

எங்கள் அரசாங்கம் என்ன எழுதி வாங்கியிருக்கிறது? 2022இல் நிறைவேற்றிய தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை முழுமையாக நடைமுறைப்படுத்துவதையே 2025இல் தள்ளிப்போட்டார்கள். ஆகவே முதலாவது கைரேகையை எடுக்க முன்னர் இந்த அடையாள அட்டைத் திட்டத்துக்கான ஒப்பந்தங்களைத் தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் வெளியிட வேண்டும். பிரதி எத்தனை இடத்தில் இருக்கிறது, கடைசியாக எந்தத் திகதியில் அதிலிருந்து தரவை மீட்டுப் பார்த்தார்கள் என்பதையும் அமைச்சர் பாராளுமன்றத்தில் சொல்லட்டும்.

இப்படிக்கு,
வவுனியா வாசகர் ஒருவர்