வைலே ஏன் ஏறி ஏறி இறங்குகிறது

அன்புள்ள செல்வம்,

கடிதம் கிடைத்தது. முழங்கால் வலி குறைந்து மறுபடி நடக்கத் தொடங்கிவிட்டாய் என்பதில் நிம்மதி. இனி நேராகச் சண்டைக்கு வருகிறேன்.

முதலில், நீ எழுதிய அந்த டென்மார்க் கால்பந்து கிளப்பின் பெயர். நீ எழுதியபடி ‘வெஜ்லே’ இல்லை, ‘வைலே’. Vejle என்பதில் வரும் j எழுத்துக்கு டேனிஷ் மொழியில் ஜகர ஒலி கிடையாது.

அடுத்து, வைலேயின் பெரிய நட்சத்திரம் சிமொன்சனைப் பற்றிய உன் வாதம். “1984-இல் அலன் சிமொன்சனின் கால் உடைந்தது, அன்றோடு வைலே கிளப்பும் படுத்துவிட்டது” என்கிறாய். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஆண்டின் பட்டியலை எடுத்துப் பார். ஜூன் மாதம் தேசிய அணிகளுக்கான ஐரோப்பியப் போட்டியின் முதல் ஆட்டத்தில், பிரான்சுக்கு எதிராக, அவர் கால் உடைந்தது. அப்போதெல்லாம் டேனிஷ் லீக் வசந்தத்தில் தொடங்கி அதே ஆண்டு இலையுதிர் காலத்தில் முடியும். அந்த 1984 லீக்கை வென்றது வைலே! சிமொன்சன் கட்டுப்போட்டுக் கிடந்தபோதே கோல்கள் வந்துகொண்டிருந்தன. அந்தப் பருவத்தின் அதிக கோல் வீரர் வைலேயின் ஸ்டேன் டூகோசன். சாம்பியனாக மறு பருவம் கிளப்புகளுக்கான ஐரோப்பியக் கோப்பைக்குப் போனார்கள். முதல் சுற்றிலேயே ருமேனியாவின் ஸ்டெயாவா புக்கரெஸ்ட். சொந்த ஊரில் 1-1, அங்கே போய் 1-4. அந்த ஸ்டெயாவாதான் 1986-இல் பார்சலோனாவை வீழ்த்திக் கோப்பையையே தூக்கியது. ஆகவே கால் உடைந்ததால் கிளப் விழவில்லை. விழுந்ததற்குக் காரணம் பணக் கணக்கு. அதைத்தான் எழுதப்போகிறேன்.

ஊரைப் பற்றி இரண்டு வரி. ஜட்லாந்தின் கிழக்குக் கரையில், கடல் உள்ளே புகுந்த ஒரு ஃபியோர்டின் முனையில் இருக்கிறது. தட்டையான டென்மார்க்கில் குன்றுகள் உள்ள சில ஊர்களில் ஒன்று. பருத்தி ஆலைகள் நிறைந்திருந்ததால் ‘டென்மார்க்கின் மான்செஸ்டர்’ என்றே பெயர். கிளப் 1891 மே 3 அன்று தொடங்கியது, கிரிக்கெட் ஆடுவதற்காக! கால்பந்து 1902-இல்தான் சேர்ந்தது. சிவப்புச் சட்டை. மைதானம் ஊரின் வடக்குக் காட்டை ஒட்டி.

பட்டங்களை வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். லீக்: 1958, 1971, 1972, 1978, 1984. டேனிஷ் கோப்பை: 1958, 1959, 1972, 1975, 1977, 1981. ஐந்தும் ஆறும். பழைய பதிவேட்டைப் புரட்டும்போது ஓர் இடத்தில் தடுக்கி விழாதே. 1990 வரை ‘முதல் டிவிஷன்’ என்றால் நாட்டின் உச்ச லீக். 1991-இல் உச்ச லீக்காகச் சூப்பர்லீகா வந்தபின் ‘முதல் டிவிஷன்’ என்பது இரண்டாம் அடுக்கு, ‘இரண்டாம் டிவிஷன்’ என்பது மூன்றாம் அடுக்கு. இதைக் கவனிக்காமல்தான் பலர் வைலேயின் சமீபத்திய ‘முதல் டிவிஷன்’ வெற்றிகளையும் தேசியப் பட்டத்தோடு கூட்டிவிடுகிறார்கள்.

இப்போது அந்த ஆண்டுகளை மறுபடி பார். ஐந்து லீக் பட்டங்களில் மூன்று, 1978-க்கு முன். டென்மார்க்கில் கால்பந்து ஆடக் கூலி கொடுக்கலாம் என்று சங்கம் ஒப்புக்கொண்டதே 1978-இல். அதுவரை எல்லாரும் பகலில் வேலை, மாலையில் பயிற்சி. கோபன்ஹேகனின் பெரிய கிளப் ஒன்று வைலேயின் நல்ல முன்கள வீரனைப் பணம் நீட்டி இழுக்க வழியில்லை. வேலை மாற்றமோ, படிப்போ, கல்யாணமோதான் ஒருவனை ஊர் மாற்றும். அப்படிப்பட்ட உலகில் ஜெயிப்பது யார்? தன் ஊர்ப் பையன்களை ஒழுங்காகப் பயிற்றுவிக்கும் கிளப். 1958-இல் ஒரே ஆண்டில் லீக்கும் கோப்பையும் எடுத்தது வைலே. அந்த அணியின் ஹென்னிங் எனொக்சனும் டோமி ட்ரோல்சனும் 1960 ரோம் ஒலிம்பிக்கில் டென்மார்க் வெள்ளி வாங்கியபோது ஆடினார்கள்.

வெளிநாடு போகலாமே என்பாய். போகலாம். ஆனால் காசு வாங்கி வெளிநாட்டில் ஆடுபவனுக்கு 1971 வரை தேசிய அணியில் இடமில்லை. அது ஒரு வேலி மாதிரி. வீரனுக்கு அநியாயம், சிறு கிளப்புக்குப் பாதுகாப்பு. வேலியைப் பிடுங்கியதும் நடந்ததைப் பார்: 1971, 1972 இரண்டு ஆண்டும் சாம்பியன், இரண்டாம் முறை கோப்பையும் சேர்த்து. 1972-லேயே பத்தொன்பது வயது சிமொன்சன் ஜெர்மனியின் மன்சென்கிளாட்பாக்குக்குப் போய்விட்டார். அதே பாதையில் அவருக்கு முன்பே போன வைலே வீரர் உல்ரிக் லெ ஃபெவ்ர்.

சிமொன்சனைப் பற்றி நீ எழுதியதில் விடுபட்டதை மட்டும் சேர்க்கிறேன். 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த வீரருக்கான தங்கப் பந்து: அவருக்கு 74 புள்ளி, இங்கிலாந்தின் கீகனுக்கு 71, பிரான்சின் பிளாட்டினிக்கு 70. டென்மார்க் ஆண்களில் அதை வாங்கிய ஒரே ஆள். பின்னாளில் புகழ்பெற்ற லாவ்ட்ருப் சகோதரர்களுக்குக்கூடக் கிடைக்கவில்லை. ஐரோப்பாவின் மூன்று கிளப் கோப்பைகளின் இறுதி ஆட்டங்களிலும் கோல் போட்டவரும் அவர்தான். ஜெர்மனிக்குப் பிறகு அவர் ஆடிய பார்சலோனாவில் வெளிநாட்டவருக்கு இரண்டே இடம். 1982-இல் மரடோனா வந்ததும், ஏற்கெனவே ஜெர்மனியின் ஷுஸ்டர் இருந்ததால், இவர் மூன்றாமவர். போனது இங்கிலாந்தின் இரண்டாம் பிரிவு சார்ல்டனுக்கு. விலை சுமார் 3 லட்சம் பவுண்ட். 16 ஆட்டம், 9 கோல், அதற்குள் சார்ல்டனின் பெட்டி காலி. பிறகு வைலேக்கே திரும்பினார். 1983 செப்டம்பரில் வெம்ப்ளியில் இங்கிலாந்தை 1-0 என்று சாய்த்த அந்த பெனால்டியை அடித்தபோது அவர் வைலே வீரர். அந்த ஆண்டுத் தங்கப் பந்துத் தேர்தலில் மூன்றாம் இடம். டேனிஷ் லீக்கில் ஆடிக்கொண்டே! இன்று இதை நினைத்துப் பார்க்கவே முடியாது.

ஏன் முடியாது என்பதுதான் விஷயம். 1978-க்குப் பிறகு கூலி வந்தது. கூலி வந்தால் பெரிய வருமானம் உள்ளவனுக்கே வீரன். 1980-களிலேயே கோபன்ஹேகன் புறநகர்க் கிளப்பான ப்ரோண்ட்பி பங்குச்சந்தைக்குப் போனது. 1992-இல் கோபன்ஹேகனின் இரண்டு பழைய கிளப்புகள் சேர்ந்து எஃப்.சி. கோபன்ஹேகன் ஆயின. வைலே அதே 1992-இல் சூப்பர்லீகாவிலிருந்து இரண்டாம் அடுக்குக்கு இறங்கியது. 1997-இல் ஒருமுறை இரண்டாம் இடம்வரை வந்தார்கள், ப்ரோண்ட்பிக்கு அடுத்து. அதன்பின் தொடங்கியது ஊஞ்சல். இறங்கியது 2000, ஏறியது 2001, இறங்கியது 2002, ஏறியது 2006, இறங்கியது 2007, ஏறியது 2008, இறங்கியது 2009. டேனிஷ்காரர்கள் இப்படிப்பட்ட கிளப்பை ‘லிப்ட் அணி’ என்பார்கள்.

ஏறியவன் அடுத்த ஆண்டே ஏன் இறங்குகிறான்? நாட்காட்டியைப் பார். இரண்டாம் அடுக்கு மே கடைசியில், ஜூன் தொடக்கத்தில் முடிகிறது. சூப்பர்லீகா ஜூலை நடுவில் ஆரம்பம். கையில் ஆறேழு வாரம். இரவல் வாங்கிய வீரர்களின் ஒப்பந்தம் ஜூன் 30-உடன் தீரும். அணியின் முதுகெலும்பில் மூவர் இரவல் என்றால், ஏறிய மகிழ்ச்சி அடங்குவதற்குள் மூவரும் போய்விடுவார்கள். அவசரத்தில் எட்டுப் பத்துப் புதியவர்களை வாங்குகிறார்கள். அவர்கள் ஒருவரையொருவர் புரிந்துகொள்ள செப்டம்பர் ஆகிவிடும். அதற்குள் ஏழெட்டு ஆட்டம் போயிருக்கும். 12 அணி லீக்கில் இருவர் இறங்க வேண்டும் என்பதால் அந்த ஏழெட்டு ஆட்டத்தை மீட்பது லேசில்லை. இதில் சாம்பியனுக்கும் விலக்கில்லை. ஹெர்ஃபோல்ஜே என்ற சிற்றூர் கிளப் 2000-இல் சாம்பியன், 2001-இல் கீழே!

அடுத்து விற்பனை. சிறு கிளப்பின் உண்மையான வருமானம் இங்கேதான், அதிலும் பலர் கவனிக்காத ஒரு துண்டு இருக்கிறது. ஒரு வீரன் ஒப்பந்தக் காலம் முடியுமுன் விலைக்கு நாடு மாறினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் அவனை 12 வயதிலிருந்து 23 வயதுவரை வளர்த்த கிளப்புகளுக்குப் பிரியும். 12 முதல் 15 வயதுவரை ஆண்டுக்கு 0.25 சதவீதம், 16 முதல் 23 வரை ஆண்டுக்கு 0.5 சதவீதம். ஒருவன் 12 முதல் 19 வயதுவரை வைலேயில் இருந்தான் என்று வை. 4 × 0.25, 4 × 0.5, ஆக 3 சதவீதம். பின்னாளில் எங்கோ இருவர் அவனை 1 கோடி யூரோவுக்குக் கைமாற்றினாலும் வைலேக்கு 3 லட்சம் யூரோ வந்து சேரும். அடுத்த கைமாற்றத்தில் மறுபடியும். முன்பு கிளப்பே துரத்திக் கேட்க வேண்டும், கேட்காமல் விட்டது எத்தனையோ. 2022 கடைசியிலிருந்து ஃபிஃபாவின் தீர்வகம் (இந்தப் பங்கைப் பிரித்துக் கொடுக்கும் அமைப்பு) வழியாகப் பிரிக்கிறார்கள். எங்கே கோட்டை விடுகிறார்கள் என்றால், ஒப்பந்தத்தை நீட்டிக்காமல் கடைசி ஆறு மாதம்வரை இழுப்பதில். பையன் இலவசமாகக் கிளம்பிவிட்டால் விலையும் இல்லை, அந்த மாற்றத்தில் பங்கும் இல்லை. சிமொன்சன் காலத்தில் இந்த விதியே கிடையாது, 2001-இல்தான் வந்தது.

“மிட்யூலன் மாதிரி இரண்டு ஊர் சேர்ந்திருக்கலாமே” என்று கேட்டிருக்கிறாய். சேர்ந்தார்களப்பா! 2011-இல் வைலேயும் தெற்கே கோல்டிங்கும் ஒன்றாகி ‘வைலே போல்ட்க்லுப் கோல்டிங்’ ஆனது. இரண்டு பருவம் இரண்டாம் அடுக்கிலேயே கிடந்து, 2013-இல் பிரிந்தது. மிட்யூலன் 1999-இல் இகாஸ்ட், ஹெர்னிங் என்ற பக்கத்து ஊர்க் கிளப்புகள் சேர்ந்து பிறந்தது; 2015, 2018, 2020, 2024 என நான்கு பட்டம். நடுவில் 2016-இல் மான்செஸ்டர் யுனைட்டடை ஹெர்னிங்கில் 2-1.

வித்தியாசம் என்ன? என் கணிப்பு இது. இகாஸ்டும் ஹெர்னிங் ஃப்ரெமாடும் தேசிய லீக் பட்டம் வாங்காதவர்கள். இழக்க அதிகம் இல்லாததால் பெயரைத் தூக்கிப்போட்டுப் புதுப் பெயர், புதுச் சின்னம் வைத்துக்கொண்டார்கள். 2004-இல் புது மைதானம், அதே ஆண்டு இளைஞர் பயிற்சிக்கூடம். சிமொன் கியர் அங்கே வளர்ந்து 2008-இல் இத்தாலிக்கு விற்கப்பட்டவர். 2014-இல் பெரும்பங்கு வாங்கிய மேத்யூ பென்ஹம் புள்ளிவிவரக் கணக்கில் ஊறியவர். கார்னர், ஃப்ரீ கிக், நீளத் த்ரோ என்று நின்ற பந்துகளில் உழைத்தார்கள். நல்ல ஸ்டிரைக்கர் ஒருவரின் சம்பளத்தைவிட அது மலிவு. வைலே தரப்பில் நடந்தது வேறு. ஐந்து பட்டம் வாங்கிய பெயரோடு இன்னொரு ஊர்ப் பெயரை ஒட்டவைத்தார்கள். வைலேக்காரனுக்கு அது குறைந்த பெயர், கோல்டிங்காரனுக்கு அது இரவல் பெயர். புதுப் பயிற்சிக்கூடமோ புது முறையோ கூடவே வரவில்லை. இரண்டு வீட்டைச் சேர்த்தார்கள், சமையல் ஒன்றாகவில்லை. ஒன்று மட்டும் நல்லது: டென்மார்க்கில் தொழில்முறை அணியை நடத்துவது கம்பெனியாக இருந்தாலும் பின்னால் தாய்க் கழகம் தனியாக உயிரோடு இருக்கும். அதனால்தான் பிரிந்தபோது பழைய பெயர் அப்படியே கிடைத்தது.

பிறகு 2016-இல் மால்டோவா நாட்டு முதலீடு. 2018-இல் ஏறி 2019-இல் இறங்கி, 2020-இல் ஏறி 2022-இல் இறங்கி, 2023-இல் மறுபடி மேலே. அதன்பின் 2024, 2025 இரண்டு முறையும் தப்பித்தார்கள். 2024-இல் தப்பாதது யார் தெரியுமா? ஓடென்ச நகரின் கிளப் ஓ.பி., 1998-க்குப் பிறகு முதல்முறையாக. 2025-இல் ஆல்போர்க், 2014-இன் சாம்பியன்.

அட்டவணையை எப்படிப் படிப்பது என்று கேட்டாயே. 12 அணி, முதலில் 22 சுற்று. பிறகு மேல் ஆறு, கீழ் ஆறு எனப் பிரிந்து இன்னும் 10, ஆக 32. பெல்ஜியத்தில் செய்ததுபோல் புள்ளியைப் பாதியாக்குவதில்லை, எல்லாம் தொடரும். ஆகவே வைலேக்கு முக்கியமானது மொத்தப் புள்ளியைவிட, 22-இன் முடிவில் 10-ஆம் இடத்துக்கும் தனக்கும் உள்ள இடைவெளி. நான்கு புள்ளிக்குள் என்றால் 10 ஆட்டத்தில் மீட்கலாம், எதிராளிகள் எல்லாம் கீழ்ப்பாதி ஆட்கள்தானே. எட்டுக்கு மேல் என்றால் சிரமம். இன்னொன்று, டிசம்பர் தொடக்கத்தில் நின்று பிப்ரவரி நடுவில் தொடரும் குளிர் விடுமுறை. ஜனவரியில் வீரர் சந்தை திறப்பது அந்த இடைவெளியில்தான். யாரை வாங்கினார்கள் என்பதைவிட யாரை விற்றார்கள் என்று பார்.

மிட்யூலனின் நீளத் த்ரோ வித்தையைத் தனியாகக் கேட்டிருந்தாய், அதற்கு இந்தத் தாள் போதாது, அடுத்ததில் எழுதுகிறேன். அதுவரை அந்த 1984 வாதத்தை நீ வாபஸ் வாங்கியதாகவே வைத்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
ராகவன்