நின்ற அளவும் அரைமண்டி அளவும்

அன்புள்ள கமலா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. அண்ணாவின் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு லேசாயிற்று. எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. ஆனாலும் தையல் மிஷினை விடவில்லை. மார்கழிக்கு எட்டு உடை முடித்துக் கொடுத்தேன்.

புது நாட்டிய நாடகத்தில் பறவைகளாக வரும் பிள்ளைகளுக்கு, பரதநாட்டியத்துக்கு வழக்கமான, முன்னால் மடிப்பு விசிறியாக விரியும் விசிறி உடையே போதாதா என்று கேட்டிருந்தாய். போதாது கமலா. உடனே இரண்டு வரியில் பதில் போட்டிருப்பேன். ஆனால் நூறு வருடத்துக்கு முன்னால் ஒருவர் இதே கேள்வியோடு மல்லுக்கட்டியிருக்கிறார். அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

2011இல் மகன் வீட்டுக்குக் கான்பெரா போனபோது, அங்கே தேசியக் கலைக்கூடத்தில் ரஷ்ய பாலே உடைகளைப் பார்த்தேன் என்று எழுதினேனே, நினைவிருக்கிறதா? டியாகிலெவ் என்பவர் 1909இல் பாரிஸில் மேடையேற்றிய குழுவின் உடைகள். 1929இல் அவர் இறந்ததோடு குழு கலைந்தது. பெட்டி பெட்டியாகக் கிடந்த உடைகள் பின்னால் லண்டனில் ஏலத்துக்கு வந்தன. கான்பெராக்காரர்கள் 1973இல் நிறைய வாங்கிவிட்டார்கள். ஊருக்கு வந்த பிறகு அதைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

அந்தக் குழுவுக்கு முன்பு ரஷ்ய பாலேயில் கதாநாயகி என்றால் டூட்டு என்ற உடைதான். உள்ளே இறுக்கிக் கட்டிய கச்சு, இடுப்பைச் சுற்றி விறைப்பாக நிற்கும் குட்டைப் பாவாடை, இளஞ்சிவப்பு சாட்டின் காலணி. கதை எகிப்தில் நடந்தாலும் சரி, நம் நாட்டில் நடந்தாலும் சரி. 1877இல் வந்த ‘லா பயதேர்’ நம் கோயில் நடனப் பெண்ணைப் பற்றிய கதை, அவளுக்கும் டூட்டுதான்! மிஷேல் ஃபோக்கின் என்ற நடன அமைப்பாளருக்கு இது பொறுக்கவில்லை. 1907இல் ‘யூனிஸ்’ என்ற ரோமாபுரிக் கதையில் ஆடுபவர்களை வெறுங்காலோடு விட நினைத்தார், அரசு மேடையில் அனுமதி இல்லை. காலுறையின் மேலேயே விரல்களை வரைந்து ஆடவிட்டார். இதைப் படித்தபோது அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

இப்போது உன் பறவைகளுக்கு வருகிறேன். ஃபோக்கினே இரண்டு பறவைகளைப் படைத்தார். 1907இல் அன்னா பாவ்லோவா என்ற ரஷ்ய நடனக்காரிக்காக அமைத்தது சாகும் அன்னம். அது டூட்டுவிலேயே ஆடியது. ஏனென்றால் அங்கே பாதம் நுனியில் சின்னச் சின்னதாக நகர்கிறது, கைகள்தாம் பேசுகின்றன. வெள்ளைப் பாவாடை தண்ணீர்மேல் மிதப்பதுபோல் நிற்க வேண்டும். மூன்று வருடம் கழித்து வந்தது நெருப்புப் பறவை. அது பாய்கிறது, இளவரசன் கையில் சிக்கித் துடிக்கிறது. அதற்கு உடை வரைந்த ஓவியர் லியோன் பாக்ஸ்ட் டூட்டுவைத் தூக்கிப்போட்டுவிட்டு, கீழை நாட்டுப் பாணியில் கால்சட்டையும் இறகுகளும் வரைந்தார். ஆடியவர் கார்சாவினா. அசைவு வேறு, அதனால் துணியும் வேறு. அழகுக்காகச் செய்தது இல்லை.

இதற்கு விலையும் கொடுத்திருக்கிறார்கள். 1911 ஜனவரியில் நிஜின்ஸ்கி என்ற நடனக்காரர் பீட்டர்ஸ்பர்க் அரசு மேடையில் ‘ஜிசெல்’ என்ற பாலே ஆடினார். ஆண்கள் இறுக்கமான காலுறைக்கு மேலே அரைக்கால் சட்டை போடுவது வழக்கம், அவர் அது இல்லாமல் வந்தார். அரச குடும்பம் அரங்கில் இருந்தது. மரியாதைக் குறைவு என்று வேலையை விட்டே நீக்கிவிட்டார்கள். ஒரு துண்டுத் துணிக்காக!

கான்பெராவில் நான் நெடுநேரம் நின்றது 1912இல் வந்த ‘நீலக் கடவுள்’ உடைக்கு முன்னால். நிஜின்ஸ்கி உடம்பெல்லாம் நீலம் பூசிக்கொண்டு ஆடியது. கதை இந்தியா, கடவுள் நம் கண்ணன் சாயல். ஆனால் எனக்கென்னவோ சயாம் நாட்டு நடனக்காரர்கள்தான் நினைவுக்கு வந்தார்கள். மேலே பட்டும் ஜரிகையும் மின்ன, நான் கக்கத்தைத்தான் பார்த்தேன். தையல்காரி வேறு எதைப் பார்ப்பாள்? கையைத் தூக்கினால் இடுப்புத் துணி கூடவே ஏறாமல் இருக்கிறதா என்றுதானே.

எல்லாமே சரியாக அமைந்தது என்றும் சொல்ல மாட்டேன். 1913இல் ‘வசந்தத்தின் சடங்கு’க்கு ரோரிச் என்ற ஓவியர் கனத்த கம்பளித் துணியில் அங்கிகள் போட்டார், ஆடுபவர்கள் வெந்து போனார்கள். 1924இல் ‘நீல ரயில்’ என்ற கடற்கரைக் கதைக்கு, பாரிஸில் நாகரிக உடை தைத்த ஷனேல் அம்மையார் நிஜமான பின்னல் நீச்சலுடையையே கொடுத்தார். பார்க்கப் புதுமைதான், ஆனால் துணி இழுபட்டு, கூட ஆடுபவருக்குப் பிடி கிடைக்கவில்லை. மத்தீஸ் என்ற பிரெஞ்சு ஓவியர் 1920இல் செய்த துக்கக்காரர் அங்கி மட்டும் எனக்கு விதிவிலக்கு: வெள்ளைக் கம்பளியில் கருநீல வெல்வெட்டுத் துண்டுகள், உள்ளே இருக்கும் உடம்பே தெரியவில்லை. துக்கத்துக்கு அது போதும் என்று தோன்றியது.

அப்புறம் ஒன்று. நீ ‘வழக்கமான’ என்கிறாயே அந்த உடைக்கு என்ன வயது? கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி பாவ்லோவாவின் ஆட்டத்தைப் பார்த்து மயங்கி, பாலேகூடக் கற்றார். உங்கள் நாட்டுக் கலையைப் பாருங்கள் என்று அவரைத் திருப்பிவிட்டவரும் பாவ்லோவாதான். 1930களில் கோயில் சிற்பங்களைப் பார்த்து, ஒரு இத்தாலியத் தையல்காரம்மாவின் துணையோடு புதிதாகத் தைக்க வைத்த உடையிலிருந்துதான் நம் விசிறி உடை வளர்ந்தது. அன்றைக்கு அதுவும் புதுசுதானடி.

ஆகவே பறவைகளுக்கு விசிறி வேண்டாம். கையைச் சிறகாக விரிக்கும் இடம் அதிகமா, தாவும் இடம் அதிகமா என்று முதலில் எழுது. தாவல் என்றால் பைஜாமா மாதிரி வைத்து, முதுகில் மட்டும் மெல்லிய துணியைத் தொங்கவிடலாம். பருத்தி லைனிங் போட்டுவிடுகிறேன், பிள்ளைகளுக்கு வேர்வை தாங்கும். செலவைப் பற்றிப் பெற்றோரிடம் நான் பேசுகிறேன், துணிக்காசு மட்டும் போதும்.

அளவு அனுப்பும்போது நின்ற அளவோடு, முழங்காலை மடித்துப் பாதி உட்காரும் அரைமண்டியில் எடுத்த அளவும் வேண்டும். போன தடவை மாதிரி மறந்துவிடாதே.

அன்புடன்,
உன் சரோஜா