தேயிலைக்கு நடுவே டிரான்ஸ்பார்மர்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோத்தகிரி பக்கம் எங்களுக்கு அரை ஏக்கர் தேயிலை. ஒரு வாரம் வெளியூர் போய்விட்டு வந்தால் மேல் வரிசையில் இரண்டு கம்பம், நடுவில் டிரான்ஸ்பார்மர். மின்வாரியத்தாரிடம் கேட்டதற்கு, "ஊருக்குத்தானே, அனுசரிச்சுப் போங்க" என்றார்கள். சரி, ஊருக்கு லைட் வேண்டாம் என்று யார் சொன்னது? கம்பத்தைச் சாயாமல் இழுத்துப் பிடிக்கும் ஸ்டே கம்பி நடைபாதையின் குறுக்கே இறங்குகிறது, மூடுபனியில் கொழுந்து பறிக்க வரும் அக்காமார் அதில் தடுக்கி விழுகிறார்கள், பதினோரு செடியை வேரோடு பிடுங்கியாயிற்று.

2003 மின்சாரச் சட்டத்தின் கீழ் வந்த 2006 விதிகளின்படி நில உரிமையாளரின் சம்மதம் வேண்டும், அவர் மறுத்தால் கலெக்டரின் எழுத்துப்பூர்வ அனுமதி வேண்டும், சேதத்துக்கு இழப்பீடும் உண்டு. எங்களுக்கு ஒரு துண்டுச்சீட்டுகூட வரவில்லை. இப்போது இடம் மாற்றச் சொன்னால், எஸ்டிமேட் போடுகிறோம், பணத்தை நீங்களே கட்டுங்கள் என்கிறார்கள். கேட்காமல் நட்டவர்கள் அல்லவா கட்ட வேண்டும்?

- சிறு தேயிலை விவசாயி, கோத்தகிரி