வாத்தியாரின் டிரங்குப் பெட்டி

அல்சூர், பெங்களூரு

அன்புள்ள மாப்பிள்ளை,

ஆறு மாதமாக ஒரு வரி எழுதவில்லை. உன் கோபம் நியாயம்தான். வீட்டில் எல்லோரும் நலம், அம்மாவுக்கு முட்டி வலி மட்டும் அப்படியே. அக்காவுக்கு என் வணக்கம் சொல்.

நம் நாடக வாத்தியாரின் டிரங்குப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. நாடக நோட்டீஸ் மட்டும் 340. பாதியைப் பூச்சி அரித்துவிட்டது. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து இணையதளம் அமைக்க உதவும் வேர்ட்பிரஸ் மென்பொருளில் ஒரு தளம் ஆரம்பித்தேன். சாதாரண போஸ்ட்டாகப் போட்டால் மற்ற அறிவிப்புகளோடு கலந்துவிடும் என்று, 'நாடகம்' என்ற பெயரில் தனியாக ஒரு கஸ்டம் போஸ்ட் டைப், அதாவது நாமே வகுக்கும் பதிவு வகை, உண்டாக்கினேன். அரங்கம், தேதி, டிக்கெட் விலை ஒவ்வொன்றையும் குறிக்கத் தனிக் கட்டமாக ஒரு கஸ்டம் ஃபீல்டு. முதலில் எதைத் திறந்தாலும் 404, 'பக்கம் இல்லை' என்ற பிழை. பக்க முகவரிகளின் அமைப்பைச் சொல்லும் பெர்மாலிங்க் பக்கத்துக்குப் போய் ஒன்றும் மாற்றாமல் சேவ் அழுத்தினேன், வேர்ட்பிரஸ் முகவரி விதிகளைப் புதிதாக எழுதிக்கொண்டது, சரியாகிவிட்டது. அப்புறம் தளத்தின் தோற்றத்தைத் தரும் தீமுக்குள் இரண்டு டெம்ப்ளேட் (பக்க அச்சு) ஃபைல்: ஒரு நோட்டீஸைக் காட்ட 'சிங்கிள்', மொத்தப் பட்டியலுக்கு 'ஆர்க்கைவ்'. ஃபைல் பெயரில் 'சிங்கிள்' அல்லது 'ஆர்க்கைவ்' என்ற சொல்லுக்குப் பின்னால் ஒரு சிறு கோடு (ஹைஃபன்) போட்டு, போஸ்ட் டைப்பைப் பதிவு செய்த பெயரை எழுத்துப் பிசகாமல் வைத்தால் வேர்ட்பிரஸ் தானே அந்த ஃபைலை எடுத்துக்கொள்ளும். 'தரை டிக்கெட் நாலணா' என்று வாத்தியார் கையெழுத்து திரையில் வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

போன மாதம் டிசைன் நன்றாக இருக்கட்டுமே என்று வேறு தீம் போட்டேன். 340-ம் காணோம்! அட்மின் மெனுவில் 'நாடகம்' என்ற வரியே இல்லை. அன்று இரவு நான் தூங்கவில்லை, மாப்பிள்ளை. வாத்தியார் நம்பிக் கொடுத்ததைத் தொலைத்துவிட்டேன் என்றே நினைத்தேன். விடியற்காலையில் டேட்டாபேஸைத் திறந்து, பதிவுகள் சேமிக்கப்படும் போஸ்ட்ஸ் டேபிளைப் பார்த்தால், எல்லாம் வரிசையாக அங்கேயே இருக்கின்றன. போஸ்ட் டைப்பைப் பதிவு செய்யும் வரிகளைப் பழைய தீமின் ஃபங்ஷன்ஸ் ஃபைலில் எழுதியிருந்தேன். தீம் போனதும் அதுவும் கூடவே போய்விட்டது. 'நாடகம்' என்றால் என்னவென்று வேர்ட்பிரஸ்ஸுக்குச் சொல்ல ஆளில்லை. அந்த வரிகளை, தீம் மாறினாலும் தனியாக நிற்கும் கூடுதல் நிரலான ஒரு சின்ன ப்ளகினாக மாற்றினேன், அத்தனையும் திரும்பி வந்தன. டெம்ப்ளேட்டுகளைத்தான் புதுத் தீமுக்கு மறுபடி எழுத வேண்டியிருந்தது.

அல்சூர் ஏரிக்கரை வள்ளுவர் சிலை திறக்கப்படாமல் 18 வருஷம் மூடிக் கிடந்ததே, அதைத் தாண்டும்போதெல்லாம் "உள்ளேதான்டா இருக்கார்" என்பாரே வாத்தியார். அந்த விடியற்காலையில் அவர் குரல் அப்படியே காதில் கேட்டது. 2009-இல் சிலையைத் திறந்த அன்று நம் இரண்டு பேர் கையையும் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தார்.

இப்போது எனக்கு உன் ஞாபகசக்தி வேண்டும். நிறைய நோட்டீஸில் தேதியும் மாதமும் உண்டு, வருஷம் இல்லை. மழையில் கரண்ட் போய் பெட்ரோமாக்ஸ் வைத்து நடத்தினோமே, நீ ராஜா வேஷத்தில் கிரீடத்தோடு எண்ணெய் வாங்க ஓடினாயே, அது எந்த வருஷம்? அக்காவுக்குக் கட்டாயம் தெரியும். கேட்டு எழுது.

உன்,
அல்சூர்க்காரன்